கருமணலைக் கழுவும் நீர்

கருங்கல் என்னும் ஊருக்குத் தெற்கே மிடாலத்தில் தொடங்கி குளச்சல், மணவாளக்குறிச்சி எனக் கிழக்கே நீளும் கடற்கரையில், தென்மேற்குப் பருவக்காற்றின்போது கரையை அரிக்கும் அலைகள் இலேசான வெண்மணலை இழுத்துக்கொண்டு கனமான கருமணலை விட்டுச் செல்வதால், கனிமப் பிரிப்பின் முதற்படியைக் கடலே செய்துவிடுகிறது. வெண்மணலாகிய குவார்ட்சின் அடர்த்தி 2.65, கருமணலில் உள்ள இல்மனைட்டும் மோனசைட்டும் ஏறக்குறைய அதன் இரு மடங்கு.

1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். கயிறு விற்றவருக்கு அந்த மணல் எடையைக் கூட்டும் தூசியாக மட்டுமே தோன்றியிருக்கும். பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டும் மேண்டிலுக்குத் தேவையான தோரியம் மோனசைட்டில் இருந்ததால், அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் பிரிப்பு ஆலை எழுந்தது. பின்னர் வெள்ளைச் சாயத்துக்கு மூலப்பொருளான இல்மனைட் வணிகத்தில் முந்திக்கொண்டது. 1950இல் தொடங்கப்பட்ட இந்திய அருமண் நிறுவனம் 1960களில் இத்தொழிலை ஏற்றது.

இந்தத் தொழிலின் வரலாற்றை எழுதியோர் கனிமங்களைப் பிரிக்க உதவும் காந்தத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் தந்த இடத்தை நீருக்குத் தரவில்லை. திருகுப் படிக்கட்டுபோல் இறங்கும் ஸ்பைரல்களில் மணல் அடர்த்திப்படி பிரியும்போது நீர் வெறும் சுமைதூக்கிதான். அது கலங்கியிருந்தாலும் ஓரளவு உப்பாக இருந்தாலும் பிரிப்பு பெரிதும் கெடாது என்பதால், அதையே குளத்தில் தெளியவைத்து மீண்டும் மீண்டும் ஓட்ட முடிந்தது.

கடற்கரை மணலிலிருந்து சிலிமனைட்டைத் தனியாக எடுக்கத் தொடங்கியபோதுதான் இந்தச் சலுகை முடிவுக்கு வந்தது. உலைச் செங்கலுக்குப் பயன்படும் இக்கனிமத்தின் அடர்த்தி சுமார் 3.2 மட்டுமே; மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் அது குவார்ட்சைப் போலவே நடந்துகொள்வதால், ஒடிசாவின் சத்ரபூர் முதலிய ஆலைகளில் நுரைமிதப்பு முறை கையாளப்படுகிறது. கனிமத் துகளின் மேற்பரப்பில் மட்டும் ஒட்டி அதை நீர் ஒட்டாததாக்கும் சேகரிப்பான் என்ற பொருளைச் சேர்த்து, காற்றுக்குமிழிகளோடு அத்துகளை மேலேற்றி நுரையாக வழித்தெடுப்பதே இம்முறையாகும். 1905இல் சுல்மன், பிக்கார்டு, பல்லட் ஆகியோர் பெற்ற காப்புரிமையில் இடம்பெற்ற ஒலியிக் அமிலமே இங்கும் சேகரிப்பானாக உதவுகிறது. குவார்ட்சை அடக்கி வைக்கச் சோடியம் சிலிகேட் சேர்க்கப்படுகிறது.

ஒலியிக் அமிலம் காரநீரில் சோப்பாக மாறுவதால், கடற்கரைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோவதற்கான காரணமே ஆலையிலும் தொல்லை தருகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் இருக்க, கடல்மணலைக் கழுவிய நீர் சுற்றிச்சுற்றி வரும்போது இவ்வயனிகள் அதில் சேர்ந்துகொண்டே போகின்றன. அவை சேகரிப்பானைக் கரையாத சோப்பாக்கி வீணடிப்பதோடு நிற்பதில்லை. காரத்தன்மை மிகுந்தால் கால்சியம் குவார்ட்சின் மேற்பரப்பில் படிந்து, சேகரிப்பான் அதன்மீதும் ஒட்ட வழிசெய்வதால், அடியில் கிடக்க வேண்டிய வெண்மணலும் நுரையேறி விளைபொருளின் தூய்மையைக் கெடுக்கிறது. முந்தைய சுற்றில் மிஞ்சிய சோடியம் சிலிகேட், நுண்களிமண்ணைப் படியவிடாமல் மிதக்கவைத்து நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கிறது. மிஞ்சிய சேகரிப்பானால் செலவு குறையும் என்பது உண்மையே. ஆயினும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளக்காமல் வழக்கமான அளவையே ஊற்றினால் நுரை பொங்கி வேண்டாததையும் அள்ளிவருகிறது.

எத்தனை லிட்டர் மறுபயன்பாட்டுக்கு வந்தது என்ற கணக்கு மட்டும் இங்கே போதாது. மிதப்புப் பகுதிக்கான நீரை மணல் கழுவும் நீரோடு கலக்காமல் தனிச்சுற்றில் ஓட்டுவதும், சலவைச் சோடா சேர்த்துக் கால்சியத்தைக் கார்பனேட்டாகப் படியவைப்பதும் நடைமுறைத் தீர்வுகளாகும். திறந்த குளங்களை நம்பிய ஆலையிலோ மழைக்காலத்தில் நன்னீர் கலந்து உப்பு குறைவதும், கோடையில் நீர் ஆவியாகி உப்பு ஏறுவதும் இயல்பு என்பதால், ஆடியில் பொருந்திய வேதிப்பொருள் அளவைப் பங்குனியில் மீண்டும் சோதித்தே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.