சேஞ்ச் அலியில் காசு மாற்றியவர்கள்

சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் பிளேஸுக்கும் காலியர் கீக்கும் நடுவே சேஞ்ச் அலி என்றொரு சந்து. கிளிஃபர்ட் பியரில் கரையேறும் மாலுமிகளும் பயணிகளும் நேரே அங்குதான் வருவார்கள். பேரம் பேசாமல் அங்கே எதுவும் நகராது. காசு மாற்றியவர்களில் நம் தமிழ் முஸ்லிம்கள் நிறையப் பேர். என் தாய்மாமாவும் ஒருவர்.

மாமா அலுக்காமல் சொல்வது 1967 கதை. ஜூனில் சிங்கப்பூர், மலேசியா, புருணை மூன்றும் தனித்தனி நோட்டு வெளியிட்டன. பழைய மலாயா வெள்ளியும் (டாலர்) கூடவே புழங்கியது. நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. பவுண்டோடு கட்டுண்ட பழைய வெள்ளியும் சரிந்து, புதுப் பணத்தில் 85 காசுக்கு வந்தது. புது நோட்டு அசையவில்லை. பழைய வெள்ளி சரிந்ததை எதிர்த்துப் பினாங்கில் நடந்த கடையடைப்பு கலவரமாகவே ஆனது. “கட்டுக்கட்டா பழசையும் புதுசையும் பிரிச்சே கண்ணு பூத்துப்போச்சுடா மாப்ளே” என்பார்.

1973 மே வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கொன்று சமம். பிறகுதான் ஜொகூர் போய்வரவும் ரேட் கேட்க வேண்டியதாயிற்று. புருணை வெள்ளி மட்டும் இன்றும் சமம்தான்.

பழைய சந்து 1989இல் மூடப்பட்டது. ஆனால் காசு மாற்றும் கடைகளில் பேரம் போகவில்லை. பலகையில் எழுதியிருப்பதைக் கடைசி விலை என்று நம்பாதீர்கள். பெரிய நோட்டாக, கிழிசல் இல்லாமல், மொத்தமாக நீட்டினால் ரேட் கொஞ்சம் ஏறும். விமான நிலையத்தில் டாக்சிக்கு மட்டும் மாற்றுங்கள். மிச்சத்தை ஊருக்குள் நாலு கடை ஏறி இறங்கி மாற்றுங்கள்.