துளி, புள்ளி, சுழியம்: ஒரு சொல் நடந்த தொலைவு

‘டிராப்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதிகள் தரும் அடிப்படைப் பொருள் துளி. ஆயினும் இந்திய நகரங்களில் இன்று அச்சொல் ஒலிக்கும் இடங்களில் பெரும்பாலும் ஈரமே இருப்பதில்லை. விலை டிராப் ஆகிறது. திட்டம் டிராப் ஆகிறது. அலுவலக வண்டி ஊழியரை வீட்டு வாசலில் டிராப் செய்கிறது. இவையனைத்தும் நீர்த்துளியிலிருந்து கிளைத்தவையே. பழைய ஆங்கிலத்தில் இதன் முன்னோடியான ‘ட்ரோப்பா’ என்பது துளியைக் குறித்த பெயர்ச்சொல். ஜெர்மனியின் ‘ட்ராப்ஃபன்’ இதற்கு உறவு. துளியாக வீழ்தல் என்ற வினைப்பொருள் இடைக்கால ஆங்கிலத்தில் விரிந்து, எப்பொருளாயினும் வீழ்வதையும் வீழவிடுவதையும் குறிக்கலாயிற்று. துளியிடம் ஆங்கிலம் கண்டது அதன் வீழ்ச்சியை.

இந்திய மொழிகள் பலவும் கண்டது அதன் வடிவத்தை. மண்ணில் விழுந்த துளி ஒரு வட்டக் கறையாக எஞ்சுகிறது. எழுதுகோலிலிருந்து சிந்திய மைத்துளியும் அவ்வாறே. சமஸ்கிருதத்தின் ‘பிந்து’ முதலில் துளி, பின்னர் புள்ளி. எழுத்தின் தலையில் இடப்பட்டு மூக்கொலியைக் காட்டும் குறியும் பிந்து. வங்காளத்திலும் இந்தியிலும் பிறையோடு கூடிய புள்ளி ‘சந்திரபிந்து’. நெற்றியில் இடும் ‘பிந்தி’ அதன் வழிவந்த பெயர். இந்தியில் ‘பூந்த்’ என்றால் துளி. துளித்துளியாக எண்ணெயில் விழுந்து பொரியும் மாவுக்குப் பூந்தி என்று பெயர்.

இந்தப் பொருள்மாற்றம் ஒரு மொழிக் குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. வங்காளியின் ‘ஃபோண்ட்டா’ துளியையும் குறிக்கும், பொட்டையும் குறிக்கும். தீபாவளியை ஒட்டிச் சகோதரனின் நெற்றியில் சகோதரி பொட்டிடும் சடங்கின் பெயரே ‘பாய் ஃபோண்ட்டா’. தெலுங்கு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: ‘சுக்க’ என்பது நீர்த்துளி, கோலப்புள்ளி, விண்மீன் ஆகிய மூன்றுக்கும் ஒரே சொல். கன்னடத்தில் துளிக்கு ‘ஹனி’ எனத் தனிச்சொல் உண்டு; ‘சுக்கி’ புள்ளியையும் விண்மீனையும் குறிக்கிறது.

தமிழ் இவ்விடத்தில் விலகி நிற்கிறது. துளி, திவலை, சொட்டு என்பன ஒரு வரிசை. புள்ளி, பொட்டு என்பன வேறொரு வரிசை. மெய்யெழுத்தின் தலையில் நிற்பதைத் தொல்காப்பியம் புள்ளி என்றே அழைக்கிறது. பிந்து தமிழுக்குள் ‘விந்து’ என்று வந்தபோது உடலியல் பொருளும் சைவ தத்துவப் பொருளும் உடன்வந்து நிலைத்தன. அன்றாடப் பேச்சில் துளிக்கு அது மாற்றுச்சொல் ஆகவில்லை.

பிந்துவின் பயணத்தில் மிகப் பெரிய திருப்பம் எண்களில் நிகழ்ந்தது. இடமதிப்பு முறையில் ஓர் இடம் காலியாக இருப்பின் அதைக் காட்ட ஒரு குறி வேண்டும். இல்லையேல் 605 என்பது 65 ஆகிவிடும். அந்தக் குறி தொடக்கத்தில் ஒரு புள்ளி. 1881இல், இன்றைய பாகிஸ்தானின் மர்தான் அருகிலுள்ள பக்‌ஷாலி சிற்றூரில், மண்ணிலிருந்து கிடைத்த பூர்ஜ மரப்பட்டைச் சுவடியில் சுழியம் புள்ளியாகவே வருகிறது. கண்டறிய வேண்டிய எண்ணின் இடத்திலும் அதே புள்ளி நிற்கிறது. கம்போடியாவின் சம்போர் கல்வெட்டு சக ஆண்டு 605ஐ, அதாவது கி.பி. 683ஐ, நடுவே ஒரு புள்ளியிட்டுப் பொறித்திருக்கிறது. குவாலியரின் சதுர்புஜர் கோயிலில் உள்ள கி.பி. 876ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 270, 50 ஆகிய எண்களின் இறுதியில் சிறு வட்டம் காணப்படுகிறது. சுபந்துவின் ‘வாசவதத்தை’ என்னும் சமஸ்கிருத உரைநடைக் காவியம் வானத்து மீன்களைச் சூனியப் புள்ளிகளுக்கு உவமிக்கிறது. அந்த உவமை படிப்போர்க்கு விளங்கியிருக்க வேண்டுமெனில், புள்ளியே சுழியம் என்பது அவர்களுக்குப் பழகிய செய்தியாக இருந்திருக்க வேண்டும்.

2017இல் பக்‌ஷாலிச் சுவடியின் மூன்று ஏடுகளுக்கு ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட கரிமக் காலக்கணிப்பு அவற்றிடையே பல நூற்றாண்டு இடைவெளி காட்டியது. ஒரே நூலின் ஏடுகள் அவ்வாறு சிதற இயலுமா எனக் கணித வரலாற்றாய்வாளர்கள் எதிர்வினா எழுப்பினர். சமூக ஊடகங்களிலோ ‘உலகின் முதல் சுழியம்’ என்ற முழக்கமே எஞ்சியது. அதனுடன் ஒட்டிக்கொண்டது ஒரு பழைய விளக்கம்: இந்தியத் தத்துவத்தின் சூனியக் கோட்பாடே சுழியத்தைப் பெற்றெடுத்தது என்பது.

‘சூனியபிந்து’ என்ற தொடரைப் பிரித்துப் பார்த்தால் அந்த முடிவுக்கு அவ்வளவு விரைவாக வர இயலாது. சூனியம் என்பது காலி இடத்தின் பெயர். பிந்து என்பது அந்த இடத்தில் வைக்கப்பட்ட குறியின் பெயர். கணக்கிடுபவர் தவறின்றி அடுத்த இலக்கத்துக்குச் செல்ல உதவும் நடைமுறைத் தேவை இந்தத் தொடரிலேயே தெரிகிறது. தத்துவத்துக்கு இதில் பங்கே இல்லை என்று சொல் ஒன்றைக் கொண்டு நிறுவிவிட முடியாது. ஆனால் பெயரறியாத கணக்கர்களின் பங்கை மறைத்துவிட்டு எழுதப்படும் பெருமை முழுமையான வரலாறு ஆகாது.

அரபு மொழிக்குச் சென்றபோது ‘சூனியம்’ பொருளால் பெயர்க்கப்பட்டு ‘சிஃப்ர்’ ஆயிற்று. அதுவும் வெறுமையையே குறிக்கும். அது இலத்தீன் வழியாக ஐரோப்பாவில் ‘சைஃபர்’ என்றும் ‘ஜீரோ’ என்றும் இரு சொற்களாகக் கிளைத்தது. ‘பிந்து’ என்னும் பெயர் அந்தப் பயணத்தில் உடன்செல்லவில்லை. குறி மட்டும் சென்றது. அரபு நாடுகள் பலவற்றில் கடைப் பலகைகளிலும் வண்டி எண்களிலும் சுழியம் இன்றும் ஒரு புள்ளியாகவே எழுதப்படுகிறது.