பந்தயத் தடத்தில் ஒரு ஜப்பானிய நங்கை

பிள்ளைக்குப் பெயர் சூட்டுவதில் ஜப்பானியர் மிகுந்த கருத்துடையவர். ஒலி ஒன்றாக இருப்பினும், அதனை எந்தச் சித்திர எழுத்தால் எழுதுவது என்பதில்தான் பெற்றோரின் விருப்பம் வெளிப்படும். 2006 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2 ஆம் நாள் தோக்கியோவில் பிறந்த பெண் மகவொன்றுக்கு ‘ஜூஜூ’ என்று பெயரிட்டனர். முதல் எழுத்து மரத்தைக் குறிப்பது. இரண்டாம் எழுத்து ஈரத்தையும் வளத்தையும் குறிப்பது. ‘நோடா’ என்னும் குடும்பப் பெயரோ வெட்டவெளியும் நெல்வயலும் சேர்ந்த சொல். இவ்வளவு பசுமையான பெயரைத் தாங்கியவர் வளர்ந்தது டயர் தீயும் நெடியிலும் எஞ்சின் இரைச்சலிலும் என்பது ஒரு வேடிக்கையே.

தந்தை ஹிடெக்கி நோடாவும் பந்தயக்காரர். 1994 இல் லாரூஸ் என்னும் பிரெஞ்சு அணியின் வண்டியில் ஃபார்முலா 1 போட்டியின் இறுதி மூன்று பந்தயங்களில் இறங்கினார். மூன்றிலும் வண்டி பழுதுற்று இடைவழியில் நின்றுவிட்டது. மறு ஆண்டு வேறோர் அணியில் ஓட்டலாம் என்றிருந்தபோது, 1995 ஜனவரி 17 இல் கோபே நகரை நிலநடுக்கம் தகர்த்தது. அவருக்குப் பொருளுதவி செய்ய இருந்தோர் பின்வாங்கினர். மகளுக்கு மூன்று வயதிலேயே ‘கார்ட்’ என்னும் சிறு வண்டியை ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் இவர்தாம். தந்தையின் நிறைவேறாத ஆசையை மகள் சுமந்தாள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆயினும் கற்றுக்கொடுப்பவர் வீட்டிலேயே இருந்தது, பிற ஜப்பானியப் பெண்களுக்குக் கிட்டாத வாய்ப்பு என்பதே நாம் கருத வேண்டுவது.

அவ்வாய்ப்பின் அருமையை உணர, முன்னிருந்த நிலையைச் சற்று நோக்குதல் வேண்டும். ஜப்பானில் மோட்டார்ப் பந்தயம் வேரூன்றியது 1960 களில். ஹோண்டா நிறுவனம் 1962 இல் சுசுக்காவில் பந்தயத் தடம் அமைத்தது; ஃபூஜி மலையடிவாரத் தடம் 1966 இல் திறக்கப்பட்டது. பெண்ணுக்கு அத்தடங்களில் நெடுங்காலம் அளிக்கப்பட்ட வேலை, குடை பிடித்து நிற்பது! ‘பந்தய அரசி’ என்னும் பட்டத்துடன், புறப்பாட்டுக்குக் காத்திருக்கும் ஓட்டுநருக்கு நிழல் தருவது அவர் பணி. சுமோ மல்லரின் களத்தில் பெண் கால் வைக்கலாகாது என்னும் மரபு போன்றதொரு தடை பந்தயத்தில் இல்லை. தடை இல்லாமலே வாயில் அடைபட்டிருந்தது.

அப்படிக் குடை பிடித்து நின்றவருள் ஒருவர் கெய்க்கோ இஹாரா. 1973 இல் பிறந்த இவர் 1999 இல், இருபத்தைந்தைக் கடந்த வயதில், பந்தய வண்டியில் அமர்ந்தார். பிற்பாடு ஐரோப்பா சென்று பயின்று, 2012 இல் பிரான்சின் புகழ்பெற்ற ‘லெ மான்’ 24 மணி நேரப் பந்தயத்திலும் பங்கேற்றார். 2018 இல் நிசான் நிறுவனம் இவரைத் தன் இயக்குநர் குழுவில் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே தலைவர் கார்லோஸ் கோன் கைதாகி, குழு அவரைப் பதவியினின்று நீக்க நேர்ந்தது. பந்தயத் தடத்தில் காணாத திருப்பத்தை அம்மையார் கூட்ட அறையில் கண்டார்!

இனி ஜூஜூவுக்கு வருவோம். பத்து வயது நிரம்பும் முன்னரே ஃபார்முலா 4 வண்டியை ஓட்டிப் பழகியவருக்கு, தாய்நாட்டின் விதிகள் இளவயதில் பந்தயத்தில் இறங்க இடந்தரவில்லை. எனவே குடும்பம் டென்மார்க் நாட்டை நாடியது. 2020 இல், பதினான்கு வயதில், அந்நாட்டு ஃபார்முலா 4 போட்டியின் முதற் பந்தயத்திலேயே முன்னிடத்திலிருந்து புறப்பட்டு வென்றார். 2022 இல் பெண்களுக்கென நடந்த ‘டபிள்யூ சீரிஸ்’ போட்டியில் ஓட்டினார். பணமுடையால் அப்போட்டி அவ்வாண்டே இடையில் நின்றது.

2023 இல் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் முடிச்சு. அவ்வாண்டு ‘யூரோஃபார்முலா ஓப்பன்’ போட்டியில் ஆடவரோடு சமமாகக் களம் இறங்கினார். தென்பிரான்சின் பால் ரிக்கார்ட் தடத்தில் வெற்றியும் பெற்றார். அப்போட்டியில் வென்ற முதற்பெண் இவரே. வெற்றியைத் தொடர்ந்து எழுந்ததோ எடைபற்றிய வழக்கு.

வாசகர்க்கு இதனைச் சிறிது விளக்குதல் நலம். பந்தய விதிகள் வண்டியையும் ஓட்டுநரையும் சேர்த்துக் குறைந்தபட்ச எடை ஒன்றை வகுப்பது வழக்கம். ஓட்டுநர் மெலிந்தவராயின் குறையும் எடைக்கு ஈடாக வண்டியில் உலோகக் கட்டியைப் பொருத்திவிடுவர். ஆதலின் மெலிந்த உடலால் விளையும் ஆதாயம் போய்விடுகிறது. உடல்வலிமை குறைவால் விளையும் இடர் மட்டும் போவதில்லை. வளைவுகளில் கழுத்தும் தோளும் தாங்க வேண்டிய விசை எல்லோர்க்கும் ஒன்றே. இக்காரணத்தை முன்னிட்டு அப்போட்டியில் பெண்ணுக்கு எடைச் சலுகை ஒன்று இருந்தது. ஜூஜூ வென்றதும் அச்சலுகை மாற்றப்பட்டது. நோடா அணி போட்டியை விட்டே விலகியது.

கடிகாரம் ஆண், பெண் பார்ப்பதில்லை. ஆகவே விதியும் பார்க்கலாகாது என்பார் வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. சலுகையால் வந்த வெற்றி என்ற சொல் வென்றவர்க்கும் பெருமை தருவதன்று. ஆனால் அவ்வாதத்தைப் போட்டி தொடங்குமுன் பேசி முடித்திருக்க வேண்டும். பெண் பின்தங்கியிருந்தவரை பொறுத்த விதி, அவள் முந்தியவுடன் பொறுக்கலாகாததாயிற்று என்றால், அளக்கப்பட்டது எடைதானா என்ற ஐயம் எழத்தானே செய்யும்? இருதரத்தாரும் ஏற்கும் அளவுகோலைப் பொறியியலார் கண்டறிவது அரிதன்று என்றே எண்ணுகிறேன், மனம் வேண்டும்.

அவர் சோர்ந்துவிடவில்லை. அதே ஆண்டில் ‘சைனாக்ஸ் எஃப்2000’ என்னும் வேறொரு போட்டித் தொடரின் பட்டத்தைக் கைப்பற்றினார். இதற்கு முந்திய ஆண்டில், 2022 இல், மிக்கி கொயாமா என்னும் மற்றொரு ஜப்பானியப் பெண் ஆடவரும் கலந்துகொண்ட ஜப்பானிய ஃபார்முலா ரீஜனல் போட்டியின் பட்டத்தை வென்றிருந்தார் என்பதையும் இங்குக் குறித்தல் தகும். கொயாமா, லெ மானை 1995 இல் வென்ற மசனோரி செக்கியா 2017 இல் பெண்களுக்கென ஃபூஜியில் தொடங்கிய ‘கியோஜோ’ கோப்பையில் முதலிரண்டு ஆண்டும் வாகை சூடியவர். ஒருவர் தாய்நாட்டிலேயே படிப்படியாக ஏறினார். மற்றவர் கடல்கடந்து சென்று திரும்பினார்.

திரும்பிய ஆண்டு 2024. ஜப்பானின் மிக உயர்ந்த பந்தயமாகிய ‘சூப்பர் ஃபார்முலா’ போட்டியில் ‘டிஜிஎம்’ அணி ஜூஜூவை அமர்த்தியது. அப்போட்டியில் இறங்கிய முதல் ஜப்பானியப் பெண் அவர், வயது பதினெட்டு. மார்ச் மாதம் சுசுக்காவில் நடந்த முதற் பந்தயத்தில் அவருக்குக் கிடைத்தது 17 ஆம் இடம். முதிர்ந்த ஓட்டுநர் பலர் உலகத் தரத்தில் போட்டியிடும் களத்தில் அது இகழத்தக்கதன்று; பெரிதும் புகழத்தக்கதுமன்று. அவ்வாண்டில் முன்வரிசை இடங்கள் அவருக்குக் கிட்டவில்லை. 2025 இல் வேறோர் அணிக்கு மாறி, அதே போட்டியில் இரண்டாம் ஆண்டாகவும் வண்டி ஓட்டினார்.