ஓரத்தில் இருந்து ஓரடி: நெல்லியடி வீதியில் சைக்கிளும் மோட்டார் வாகனமும்

அக்காவின் மகள் இந்த வருடம் ஒன்பதாம் தரம். கரவெட்டியில் இருந்து நெல்லியடிக்கு ரியூசனுக்குத் தனியாகச் சைக்கிளில் போகப் போகிறேன் என்று நின்றாள். அக்கா சம்மதிக்கவில்லை. "ஓட்டோவில போகட்டும்" என்றார். உடனே பிள்ளை என்னை இழுத்தாள். "சித்தி, நீங்கள் இந்த வயசில சைக்கிளில தானே போனனீங்கள்?"

உண்மைதான். ஆனால் நான் ஓடிய வீதியில் சைக்கிள்தான் அதிகம். இன்றைய வீதி அப்படியில்லை. முடிவெடுக்க முன்னர் ஒரு சனிக்கிழமை காலை இருவரும் சேர்ந்து ஓடிப் பார்த்தோம். அன்று கண்டதும் அதற்குப் பிறகு தேடி வாசித்ததும்தான் இந்தக் கட்டுரை.

சைக்கிள் வேகத்தில் ஓடிய வீதி

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதும் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது கட்டுப்படுத்தப்பட்டது. பெற்றோல் கிடைக்காததால் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மின்சாரமும் இல்லை. சைக்கிளை நிறுத்தி வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். விறகு, மரக்கறி, நோயாளி எல்லாமே கரியரில்தான் போயின. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது பலருக்குச் சைக்கிள்தான் பொதி சுமந்தது. அந்தக் காலத்தில் வீதியின் வேகத்தைத் தீர்மானித்தது சைக்கிள். மோட்டார் வாகனம் வழி கேட்டுத்தான் போகவேண்டும்.

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு வாகனங்கள் கூடின. 2009க்குப் பிறகு லீசிங்கில் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் வீட்டுக்கு வீடு வந்தன. யாழ்ப்பாணம் - பருத்தித்துறை வீதி காப்பெற் வீதியானது. எல்லாருக்கும் அது நல்லதுதான். ஆனால் வேகம் கூடிய அளவுக்குச் சைக்கிளுக்கான இடம் கூடவில்லை.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. கியூஆர் அட்டை முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். பழைய சைக்கிள்கள் திரும்பவும் வீதிக்கு வந்தன. பெற்றோல் தாராளமாகக் கிடைத்ததும் அவற்றில் பல மறுபடி கொட்டிலுக்குப் போய்விட்டன. இன்று சைக்கிளில் மிஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், வயோதிபர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள்.

எங்கே ஆபத்து?

முதலாவது, வீதியின் ஓரம். காப்பெற் போட்ட வீதி பல இடங்களில் பக்கத்து மண்ணைவிட உயரமாக நிற்கிறது. சில்லு அந்த விளிம்பில் இறங்கினால் திரும்ப ஏற முடியாது, விழவேண்டியதுதான். அதனால் விளிம்பில் இருந்து ஓரடி, இரண்டடி உள்ளே ஓடுவதுதான் பாதுகாப்பு. பின்னால் வரும் சாரதிக்கு அது திமிராகத் தெரிகிறது. ஹோன் அடிக்கிறார். வல்லை வெளியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மரமோ மதிலோ இல்லாத அந்த வெளியில் பக்கக் காற்று சைக்கிளைத் திடீரென்று ஒரு முழம் தள்ளிவிடும். பெரிய வாகனம் நெருங்கிக் கடந்தாலும் அதே கதைதான்.

இதற்காகத்தான் பல நாடுகள் முந்தும்போது விடவேண்டிய இடைவெளியை மீற்றரில் சொல்கின்றன. ஜேர்மனியில் 2020 முதல் ஊருக்குள் 1.5 மீற்றர், ஊருக்கு வெளியே 2 மீற்றர். பிரித்தானியாவின் வீதி விதிக்கோவையும் 2022 ஜனவரித் திருத்தத்தில் குறைந்தது 1.5 மீற்றர் என்று சொன்னது. ஒரு சைக்கிளைக் குறுக்கே படுக்க வைத்தால் வரும் நீளத்தைவிடச் சற்றுக் குறைவு. அவ்வளவு இடம் இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் வெளிக்கும்வரை பின்னால் வரவேண்டும். அதில் போவது சில விநாடிகள்தான்.

இரண்டாவது, இடப்பக்கம். எங்கள் வாகனங்களில் சாரதி வலப்பக்கம் இருக்கிறார். பஸ்ஸுக்கும் லொறிக்கும் இடப்பக்கத்தை ஒட்டிய இடம் அவர் கண்ணுக்குப் படாது. 750 இலக்க பஸ் சைக்கிளை முந்திய கையோடு தரிப்பிடத்துக்கு இடப்பக்கம் வெட்டும்போது சைக்கிள்காரருக்குப் போக இடமில்லை. பருத்தித்துறைப் பக்கமிருந்து வந்து நெல்லியடிச் சந்தியில் கொடிகாமம் வீதிக்குத் திரும்பும் லொறியிலும் இதே ஆபத்து இருக்கிறது. பெரிய வாகனம் வேகம் குறைக்கிறது என்றால் அதன் இடப்பக்கத்தால் நுழையாதே, பின்னால் நில் என்று மருமகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

மூன்றாவது, கார்க் கதவு. சில வருடங்களுக்கு முன்னர் கடையொன்றின் முன் நின்ற காரைக் கடந்தபோது சாரதிப் பக்கக் கதவு திறந்தது. நான் வீதியின் நடுப்பக்கமாக விழுந்தேன். பின்னால் வந்த ஓட்டோக்காரர் பிறேக் பிடித்ததால் வலது முழங்கைத் தழும்போடு முடிந்தது. இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. வலப்பக்கக் கதவை இடது கையால் திறவுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருவது தெரியும்.

50க்கும் 30க்கும் இடையில்

"நான் 50இல்தானே வந்தனான்" என்பார்கள். பிரித்தானிய விதிக்கோவையின் கணக்குப்படி மணிக்கு 48 கிலோமீற்றரில் வரும் கார், சாரதி ஆபத்தைக் கண்டபிறகு நிற்க 23 மீற்றர் வேண்டும். 32 கிலோமீற்றரில் வந்தால் 12 மீற்றர் போதும். மோதலின் வலு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், 50இல் இடிக்கும் கார் 30இல் இடிப்பதைவிட இரண்டே முக்கால் மடங்கு சக்தியோடு இடிக்கிறது. கரவெட்டியில் இருந்து சந்திவரை வேகத்தைக் குறைத்து வந்தால் ஒரு சாரதி இழப்பது ஓரிரு நிமிடம்.

சைக்கிள்காரர் பக்கம்

இப்போது நானும் பெரும்பாலும் ஸ்கூட்டியில்தான் போகிறேன். அதனால் மறுபக்க முறைப்பாடும் தெரியும். இருட்டில் வெளிச்சமில்லாமல் வருவது, ரியூசன் விட்டதும் மூன்று நான்கு பேர் அணியாகக் கதைத்துக்கொண்டு போவது, பின்னால் பாராமல் வலப்பக்கம் வெட்டுவது எல்லாம் உண்மை. முன்விளக்கும் பின் மட்காட்டில் சிவப்பு வில்லையும் கட்டாயம் வேண்டும். வலப்பக்கம் திரும்ப முன் திரும்பிப் பார்த்து, கையை நீட்டிக் காட்டவேண்டும். சந்தியில் நெரிசல் என்றால் இறங்கி உருட்டிக்கொண்டு கடப்பதில் வெட்கமில்லை.

ஆனால் "சைக்கிளுக்கு வரியுமில்லை, வீதியும் வேண்டுமோ?" என்ற பேச்சு சரியல்ல. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தின் அட்டவணையிலேயே சைக்கிளுக்கு வரி இருக்கிறது: சொந்தப் பாவனைக்கு 4 ரூபா, வியாபாரத்துக்கு 18 ரூபா. தொகை சிறிதுதான். ஆனால் சட்டம் சைக்கிளை ஒரு வாகனமாகவே கணக்கெடுத்திருக்கிறது.

வீதி அபிவிருத்தி அதிகார சபை விளிம்போரங்களை மண்போட்டு மட்டப்படுத்தினால், பிரதேச சபை சந்தையடியில் வாகனம் நிறுத்தும் இடங்களை ஒழுங்குபடுத்தினால், பாதி ஆபத்து குறையும். அதுவரை மிச்சம் எங்கள் கையில்தான்.

அக்கா கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். முதல் இரண்டு வாரம் நான் ஸ்கூட்டியில் பின்னால் போகவேண்டும். போகிறேன். அவளுடைய வேகத்தில் சந்திவரை போக எனக்கு மேலதிகமாகப் பிடிப்பது ஆறு நிமிடம். இரண்டாம் நாளே, என் ஹோன் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "சித்தி, அடிக்காதேங்கோ. நீங்கள் வாறது எனக்குத் தெரியும்."