ஈற்றுக் குருதியும் மலைப்பூண்டும்: ஒரு நொதியை முன்வைத்து

ஈறில் ரத்தம் கசிவதை நோயின் அறிகுறி என்றே நாம் கற்பிக்கிறோம். அறிகுறிதான். ஆனால் கசிந்த ரத்தமே நோயை வளர்க்கும் இரையாகவும் ஆகிறது என்பதற்கு உரிய அழுத்தம் தரப்படவில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குச் சொல்லப்படும் மருத்துவ குணத்தை எங்கே வைத்துச் சோதிக்க வேண்டும் என்பதும் இந்த உண்மையிலிருந்தே தெளிவாகும் என்பது என் வாதம்.

ஈறு நோய் முற்றும்போது பல்லுக்கும் ஈறுக்கும் இடையே ஆழமான பை உண்டாகிறது. அதன் உட்சுவர் புண்ணாகிச் சிவப்பணுக்கள் கசிகின்றன. ஆக்சிஜன் குறைந்த அந்தப் பையில் போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியா செழிக்கிறது. அது வளர ஹீம் என்னும் இரும்புச் சேர்மம் தேவை. அதை முழுமையாகத் தானே தயாரித்துக்கொள்ளும் வழி அதற்கு இல்லை. மனித உடலிலோ ஹீமின் பெரும்பகுதி சிவப்பணுவின் ஹீமோகுளோபினுக்குள் இருக்கிறது.

அதை எடுக்க உதவுபவை ஜிஞ்சிபெயின் எனப்படும் புரதச்சிதைப்பு நொதிகள். இவற்றோடு ஒட்டியுள்ள பகுதிகள் சிவப்பணுவைப் பற்றிக்கொள்கின்றன, அணு சிதைகிறது. வெளிவரும் ஹீமோகுளோபினை அர்ஜினின் வகை ஜிஞ்சிபெயின் மெட்ஹீமோகுளோபினாக மாற்றுகிறது. அந்த நிலையில் ஹீமின் பிடி தளர்ந்துவிடும். அடுத்து லைசின் வகை ஜிஞ்சிபெயின் அந்தப் புரதத்தை நறுக்கி ஹீமை விடுவிக்கிறது. எஞ்சும் ஹீம் பாக்டீரியாவின் மேல் கறுப்புப் பூச்சாகப் படிகிறது. ரத்த அகார் தட்டில் முதலில் வெளிறித் தெரியும் திட்டுகள் சில நாட்களில் கன்னங்கரேலென மாறுவது இதனால்தான். லைசின் வகை நொதிக்கான மரபணுவை நீக்கிய திரிபு அதே தட்டில் கறுப்பதில்லை. கண்ணால் காணக்கூடிய சான்றுகளில் இதைவிட வலுவான ஒன்றை நான் அறியேன்.

இந்தப் பாக்டீரியா தனித்து இயங்குவதில்லை. 1998இல் சோக்ரான்ஸ்கி குழுவினர் 'சிவப்புத் தொகுதி' என வகுத்த மூன்று பாக்டீரியாக்களில் ஒன்றான ட்ரெபோனீமா டென்டிகோலா, சிஸ்டீனை உடைத்து ஹைட்ரஜன் சல்பைடை வெளியிட்டுச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது.

ரத்தம் வருகிறதே என்று பல் துலக்குவதை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. பல்லின் மேல் பாக்டீரியாப் படலம் தங்குகிறது, அழற்சி கூடுகிறது, கசிவும் பெருகுகிறது. பாக்டீரியாவுக்கு இரை கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

இந்த இரையெடுப்பைப் பூண்டால் தடுக்க முடியுமா? ஜிஞ்சிபெயின் சிஸ்டீன் வகை நொதி. அதன் வினைமையத்தில் கந்தகமுள்ள தயால் தொகுதி இருக்கிறது. அதுவே அதன் பலவீனமும். பூண்டுப் பல்லை நசுக்கினால் அல்லீன் என்ற சேர்மமும் அல்லினேஸ் என்ற நொதியும் சேர்ந்து அல்லிசின் உண்டாகிறது. அல்லிசின் தயால் தொகுதிகளுடன் விரைந்து வினைபுரியும். 2005இல் பக்ரி, டக்ளஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், பூண்டுச் சாறு இந்தப் பாக்டீரியாவின் புரதச்சிதைப்பை 90 விழுக்காட்டுக்கும் மேல் அடக்கியது.

பூம்பாறை, மன்னவனூர்ப் பகுதிகளில் விளைந்து, பெருமாள்மலை வழியே சமவெளிக்கு இறங்கும் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. கந்தகச் சேர்மங்கள் மிகுந்தது என்பது அதற்குச் சொல்லப்படும் சிறப்பு. ஆனால் மேற்சொன்ன முடிவை அப்படியே மலைப்பூண்டின் மேல் ஏற்றிவிட முடியாது. முழுப் பல்லாகக் குழம்பில் கொதித்தால் அல்லினேஸ் செயலிழந்துவிடும். பச்சையாக நசுக்கி ஈறில் வைத்தால் சவ்வு வெந்து புண்ணாகும்.

இவற்றைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. சிவப்பணுக்களுக்குள் குளுட்டதயோன் நிறைந்திருக்கிறது, அதுவும் தயால்தான். அணுக்கள் உடையும் பையில் அந்தக் குளுட்டதயோனும் கொட்டும் என்பதால், அல்லிசின் நொதியை அடையுமுன்பே பெரும்பகுதி செலவாகிவிடும் என்று கருதுகிறேன். ரத்தம் கசியாத ஈறைவிடக் கசியும் ஈறில்தான் பூண்டின் பயன் குறையக்கூடும்.

நொதியைத் தடுப்பது நோயாளியிடம் எளிதன்று என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. லைசின் வகை ஜிஞ்சிபெயினைத் தடுக்கும் அட்டுசாஜின்ஸ்டாட் என்ற மருந்தை, இந்தப் பாக்டீரியாவுக்கு அல்சைமர் நோயில் பங்கிருக்கலாம் என்ற கருதுகோளில், அந்நோயாளிகளிடம் சோதித்தார்கள்; 2021இல் வெளியான முடிவில் முதன்மை இலக்குகள் எட்டப்படவில்லை.

ஆகவே மலைப்பூண்டின் சாற்றை வெறும் நொதிக் கரைசலில் சோதிப்பது போதாது. சோதனைக்குழாயில் முழுச் சிவப்பணுக்களையும் பாக்டீரியாவையும் சேர்த்து, சமவெளிப் பூண்டின் சாற்றையும் அருகே வைத்து, எதில் எவ்வளவு ஹீமோகுளோபின் சிதையாமல் எஞ்சுகிறது என்று அளக்க வேண்டும். அதுவரை பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வதும் நாள்தோறும் படலத்தை அகற்றுவதும்தான் கசிவை நிறுத்தும் சிகிச்சை.