அமெரிக்கச் சரிவும் ரப்பர்த் தோட்டமும்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்ததை அமெரிக்க சரித்திரத்தின் பெருந்திருப்பம் என்பர். கோலசிலாங்கூர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் அதுவே திருப்பம். மலாயா ரப்பரைப் பெரிதும் வாங்கியது அமெரிக்க மோட்டார்த் தொழிலே. அங்கே வண்டி விற்பனை குன்றவே, 1929-இல் இராத்தல் 34 காசு விற்ற ரப்பர் 1932-இல் 7 காசுக்கு இறங்கிற்று. ஆணின் நிர்ணய நாட்கூலி 50 காசிலிருந்து 1930-லேயே 40 ஆயிற்று. ஆயிரமாயிரம் தமிழர் கப்பலேற்றப்பட்டனர். இதற்குத் 'தாயகம் அனுப்புதல்' என்று பெயர்! விலையேறிய காலத்தில் பங்குதாரர் பெற்ற இலாபத்தில் பால்வெட்டுவோனுக்குப் பங்குண்டா? நஷ்டத்தில் மட்டும் அவன் கூட்டாளி.

1938-இல் ரூஸ்வெல்ட் அரசாங்கம் மணிக்கு 25 அமெரிக்கக் காசுக்குக் குறையாத கூலியைச் சட்டமாக்கிற்று. வயல்வேலை செய்வோரை அதுவும் விலக்கியே வைத்தது. அதே வருஷம் இங்கே, மீண்டும் 50 காசை எட்டியிருந்த நாட்கூலி 45 ஆக வெட்டப்பட்டது. ஜூனில் இந்திய சர்க்கார் தோட்டங்களுக்குத் தொழிலாளரை அனுப்புவதையே நிறுத்திற்று.