ஒளிஞ்சிருக்கிற பல்லைத் தேடின கதை

எங்கட குழுவில் ஒரு தோழிக்குப் பதினாறு வயதாகியும் மேல்வரிசையில் ஒரு பாற்பல் விழவேயில்லை. "அது ராசியான பல்லு" எண்டு வீட்டில சொல்லிச் சிரிச்சிருக்கினம். பல்லுக்குக் கம்பி போடலாம் என்று வைத்தியரிடம் போன நேரம்தான் விசயம் தெரிய வந்தது. ஓபிஜி எண்டு சொல்லுற, இரண்டு தாடையையும் ஒரே நீளப் படமாகக் காட்டும் எக்ஸ்றேயை எடுத்துப் பார்த்தால், அந்த இடத்துக்கு வரவேண்டிய வேட்டைப்பல் எலும்புக்குள் சரிந்து படுத்துக் கிடக்கிறது. அதன் முனை பக்கத்து வெட்டும்பல்லின் வேருக்கு மேல் விழுந்து தெரிகிறது.

"டொக்டர், அது வேருக்கு முன்னால நிக்குதா, பின்னால நிக்குதா?" என்று அவ கேட்டா.

"இந்த ஒரு படத்தை வைச்சு நிச்சயமாச் சொல்லேலாது" என்றார் வைத்தியர்.

எக்ஸ்றே வந்து நூற்றிமுப்பது வருடமாகிறது. இன்னும் சொல்லேலாதா? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் தேடிப் படித்ததுதான் இந்தக் கதை.

முதலில் அந்தப் பல்லைப் பற்றி. ஞானப்பல்லுக்கு அடுத்தபடியாக அதிகம் சிக்கிக்கொள்வது மேல் வேட்டைப்பல்தான். நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இப்படி நடக்கிறது. மற்றப் பற்களைவிட உயரத்தில், மூக்கின் ஓரத்துக்குக் கிட்ட அது உருவாகிறது. நீண்ட தூரம் இறங்கி, பக்கத்துப் பற்கள் எல்லாம் வந்து முடிந்த பிறகு, பதினொன்று பன்னிரண்டு வயதளவில்தான் வெளியே வரும். வழி தவறினால் உள்ளேயே நின்றுவிடும். சும்மா நின்றால்கூடப் பரவாயில்லை. சிலவேளை பக்கத்துப் பல்லின் வேரை அரிச்சுத் தின்னத் தொடங்கிவிடும். நோவு இருக்காது. வெளியில் ஒன்றும் தெரியாது.

1895 நவம்பரில் ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் ரொண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அந்த வருடம் முடியும்போது செய்தி வெளியே வந்தது. சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், பிறவுன்ஷ்வைக் நகரின் பல் வைத்தியர் ஒட்டோ வால்கொவ் தன் வாய்க்குள்ளேயே ஒரு கண்ணாடித் தட்டை வைத்துப் படம் எடுத்தார். வேதியியலாளர் பிரீட்றிக் கீசல் அவருக்கு உதவினார். ஒரு படத்துக்கு 25 நிமிடம், அசையாமல்! இன்றைக்கு ஒரு செக்கனும் தேவையில்லை.

அதே 1896இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் வைத்தியர் நோயாளிகளின் பற்களைப் படம் எடுக்கத் தொடங்கினார். அந்தக் காலத்து ரியூப்கள் ஒரு நாள் வேலை செய்ததுபோல் அடுத்த நாள் வேலை செய்யாது. அதனால் ஒவ்வொரு முறையும் கதிருக்கு முன்னால் தன் கையைப் பிடித்து, எலும்பு வடிவாகத் தெரியுதா என்று பார்த்துத்தான் ரியூப்பைச் சரிசெய்தார். வருடக்கணக்காக இதையே செய்தார். கையில் புற்றுநோய் வந்தது. விரல்கள் போயின, பிறகு கை, பிறகு புயம். ஒன்றன்பின் ஒன்றாகச் சத்திரசிகிச்சைகள். வேதனை தாங்காமல் 1928இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

எச்சரிக்க ஆள் இல்லாமல் இல்லை. பொஸ்ரனில் வில்லியம் றொலின்ஸ் என்ற இன்னொரு பல் வைத்தியர், எக்ஸ் கதிர் கினிப்பன்றிகளைக் கொல்லும் என்று 1901இலேயே பரிசோதித்துக் காட்டினார். ரியூப்பைக் கதிர் கசியாதபடி மூடுங்கோ, தேவையான இடத்தைத் தவிர மற்றதை மறையுங்கோ என்று எழுதினார். அப்போது அதைக் காதில் போட்டுக்கொண்டவர்கள் குறைவு. "தேவைக்கு மேல் ஒரு படமும் எடுக்காதே" என்ற இன்றைய விதிக்குப் பின்னால் கெல்ஸ் போன்றவர்களின் கைகள் இருக்கின்றன.

சரி, எங்கட தோழியின் கேள்விக்கு வருவம். முன்னாலயா, பின்னாலயா?

எக்ஸ்றே என்பது ஒரு நிழல். சுவரில் விழும் நிழலில் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு நிற்பதுபோல் தெரிந்தாலும், உண்மையில் ஒருவர் மற்றவருக்கு நாலடி பின்னால் நிற்கலாம். அந்த ஆழத்தை நிழல் காட்டாது. இதற்கு 1910இல் சார்ள்ஸ் கிளார்க் ஒரு வழி எழுதினார். புது மெசின் ஒன்றும் இல்லை. ஒரே இடத்தை இரண்டு படம் எடு. இரண்டாவது படத்துக்கு ரியூப்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்து. அவ்வளவுதான்.

இப்பவே செய்து பாருங்கோ. ஒரு கண்ணை மூடி, இரண்டு கைகளின் சுட்டுவிரல்களையும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகப் பிடியுங்கோ. பின்விரல் மறைந்திருக்கும். தலையை வலப்பக்கம் நகர்த்தினால் பின்விரல் வலப்பக்கமாக எட்டிப் பார்க்கும். பின்னால் இருப்பது நீங்கள் போகிற திசையிலேயே வரும். முன்னால் இருப்பது எதிர்த்திசையில் போகும். பல்லும் அப்படித்தான். ரியூப் போன திசையிலேயே ஒளிந்த பல்லும் நகர்ந்திருந்தால் அது அண்ணப் பக்கம், அதாவது பின்னால். எதிர்த்திசையில் நகர்ந்திருந்தால் உதட்டுப் பக்கம். நூறு வருடத்துக்கு மேலாகியும் இந்த முறை பாவனையில் இருக்கிறது.

பிறகு மெசின்கள் வளர்ந்தன. 1931இல் அமெரிக்காவில் புறோட்பென்ட்டும் ஜேர்மனியில் ஹொவ்ராத்தும் தனித்தனியாக, தலையை ஒரே நிலையில் நிறுத்திப் பக்கவாட்டில் படம் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு பிள்ளையின் இந்த வருடப் படத்தையும் அடுத்த வருடப் படத்தையும் ஒப்பிட்டுத் தாடை எப்படி வளருது என்று பார்க்க முடிந்தது. பின்லாந்தின் உர்யோ பாத்தெரோ, ரியூப்பும் பிலிமும் தலையைச் சுற்றி வரும் முறையை வளர்த்தார். தாடையின் வளைவில் இருப்பது மட்டும் தெளிவாக விழும், மற்றது கலங்கிப் போகும். எங்கட தோழி எடுத்த ஓபிஜி அதன் வழி வந்ததுதான். எல்லாப் பல்லையும் ஒரே பார்வையில் காட்டும், ஆனால் அதுவும் நிழல்தான்.

1990களின் கடைசியில் இத்தாலியிலும் யப்பானிலும் நடந்த வேலைகளால் கூம்புக் கதிர் சீ.ரி. வந்தது. கூம்பு வடிவக் கதிர் தலையை ஒருமுறை சுற்றிவர, கணினி அந்தப் படங்களைச் சேர்த்து முப்பரிமாணமாக்கித் தரும். அதில் பல்லை எந்தப் பக்கத்தாலும் பார்க்கலாம்.

இதற்குச் சற்று முன்னும் பின்னுமாகச் சுவீடனைச் சேர்ந்த எரிக்சன், குறோல் என்ற இருவர் செய்த இரண்டு ஆய்வுகள் எங்களை யோசிக்க வைத்தன. 2000ஆம் ஆண்டில் வந்தது சீ.ரி. படங்களை வைத்துச் செய்தது. வழி தவறிய வேட்டைப்பல்லுக்குப் பக்கத்தில் இருந்த பக்க வெட்டும்பற்களில் 38 சதவீதத்தில் வேர் அரிபட்டிருந்தது. சாதாரணப் படங்களில் இதில் நிறையத் தப்பிப் போயிருந்தது. வேரின் முன்பக்கமோ பின்பக்கமோ அரிபட்டால் நிழல் அதைக் காட்டாதே.

மற்றது 1988இல் வந்தது, சீ.ரி.யே தேவைப்படாதது. வேட்டைப்பல் அண்ணப் பக்கமாக வழி தவறத் தொடங்கிய பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளில், அதற்குக் கீழிருந்த பாற்பல்லை மட்டும் பிடுங்கிவிட்டுப் பார்த்தார்கள். 46 வேட்டைப்பற்களில் 36 தானாகவே சரியான பாதைக்குத் திரும்பின. கம்பியும் இல்லை, வெட்டும் இல்லை. ஆனால் பல் எவ்வளவுக்குப் பக்கத்து வேரைத் தாண்டிப் போய்விட்டதோ, அவ்வளவுக்கு அந்த வாய்ப்புக் குறைந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் எங்களுக்கு ஒரு விசயம் விளங்கினது. பெரிய மெசின் நடந்த சேதத்தை வடிவாகக் காட்டும். சேதம் நடக்காமல் தடுத்தது, சரியான வயதில் எடுத்த சாதாரணப் படம். அதற்கும் முதல், ஒரு விரல். பத்து வயதளவில் பாற்பல்லுக்கு மேலே முரசைத் தடவிப் பார்த்தால் வரப்போகும் வேட்டைப்பல்லின் புடைப்பு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் தட்டுப்பட்டு மறுபக்கம் இல்லையென்றால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பிந்திவிட்டால் படம்தான் வழிகாட்டி. எந்தப் பக்கத்தால் முரசைத் திறப்பது, பல்லில் ஒட்டும் சின்னச் சங்கிலியை எந்தத் திசையில் இழுப்பது என்பதெல்லாம் பல் கிடக்கும் இடத்தைப் பொறுத்தது. வேரோடு முட்டிக்கொண்டு நிற்கும் பல்லை நேராகக் கீழே இழுத்தால் அது அந்த வேரையே உரசிக்கொண்டு வரும். முதலில் வேரைவிட்டு விலத்தி எடுத்து, பிறகுதான் இறக்க வேண்டும். அப்படியெண்டால் எல்லாருக்கும் சீ.ரி. எடுக்கலாமே? அதன் கதிரளவு பெரும்பாலும் ஓபிஜியைவிடக் கூட. 2012இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டியும் இதை எல்லாருக்கும் வழமையாக எடுக்கக் கூடாது, ஒவ்வொருவருக்கும் காரணம் பார்த்தே எடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

எங்கட தோழிக்கு வைத்தியர் முதலில் இரண்டு சின்னப் படம் எடுத்தார், ரியூப்பைக் கொஞ்சம் நகர்த்தி. 1910இன் அதே வழி. பல் ரியூப்போடு சேர்ந்து நகர்ந்திருந்தது: அண்ணப் பக்கம். வேர் எப்படி இருக்கிறது என்பதில் சந்தேகம் இருந்ததால்தான் சீ.ரி.க்கு அனுப்பினார். வேர் கொஞ்சம் அரிபட்டிருந்தது, ஆனால் பல் தப்பியது. இப்ப அவ சங்கிலியும் கம்பியுமாகத் திரிகிறா. போன கிழமை தன்ர பத்து வயதுத் தம்பியைப் பிடித்து வைத்து, மேல் முரசை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாவாம். இரண்டு பக்கமும் புடைப்பு இருந்ததாம்.